குச்சிக்குத் தெரியாத தண்ணீர்

குச்சி ஐயா வருகிறார் என்றதும் பதினாலு மாடியும் காலி! லிஃப்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியில் விழுந்தடித்து ஓடி வந்தவர்களும் உண்டு. சும்மாவா? கவட்டைக் குச்சியைப் பிடித்து நடந்தே பூமிக்குள் ஓடும் ஆற்றைச் சொல்லிவிடுகிறவராயிற்றே! படித்த பெருமக்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். மூளையை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டார்கள்.

மோட்டார் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஒன்பது வருடமாக மோட்டார் போட்டு, வால்வு திருப்பி, அத்தனை வீட்டுக்கும் தண்ணீர் ஏற்றுகிறவள் அவள். குடியிருப்பின் ஐந்து போர்வெல்லில் நாலு வறண்டுவிட்டன. மிச்சமிருக்கும் ஒன்றுக்கு உயிர் கொடுப்பது, மொட்டைமாடி மழையை மண்ணுக்குள் இறக்கும் குழிதான்.

குச்சி சரியாக அந்தக் குழியின்மேல் போய்த் துள்ளியது.

"இதை மூடுங்க. ஊத்தோட மூச்சை அடைக்குது. இங்கயே போர் போட்டா கடல்தான்!" என்றார் ஐயா. போர் போடும் லாரி ஏற்கெனவே வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் ஐயாவின் மச்சான். என்ன பொருத்தம் பாருங்கள்!

"குழியை மூடினா இருக்கற போரும் போயிடும் சார்," என்றாள் அக்கா.

"உனக்கு என்னம்மா தெரியும்? வாயை மூடிட்டு இரு!" என்று சங்கச் செயலாளர் சீறினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுதான் சார். ஐயா, அந்தக் கார் நிக்கற இடத்துல தண்ணி இருக்கானு மட்டும் பாத்துச் சொல்லுங்க. அப்புறம் நானே குழியை மூடறேன்."

ஐயா காரைச் சுற்றி நடந்தார். கண்ணை மூடினார், முணுமுணுத்தார். குச்சி அசையவில்லை.

"ஒரு சொட்டு கிடையாது. அடியில வெறும் பாறை."

கூட்டம் பயபக்தியோடு தலையாட்டியது. குழாயைத் திறக்க மட்டும் தெரிந்த கூட்டம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"சார், உங்க காரைக் கொஞ்சம் நகத்துங்க," என்றாள் அக்கா செயலாளரிடம்.

கார் நகர்ந்தது. அக்கா கம்பியால் இரும்பு மூடியை நெம்பித் திறந்தாள். கீழே தொட்டி நிறையத் தண்ணீர்! காலையில்தான் நாலு தண்ணீர் லாரிகள் ரொப்பிவிட்டுப் போயிருந்தன.

"அது... செத்த தண்ணிம்மா," என்று ஐயா திணறினார். "என் குச்சி உயிருள்ள தண்ணிக்குத்தான் துள்ளும்."

"செத்த தண்ணியா? வந்ததும் வராததுமா ரெண்டு டம்ளர் வாங்கிக் குடிச்சீங்களே, அது இதேதான்!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் லாரி பின்வாங்கியது. மச்சானுக்காக மச்சான் காத்திருக்கவில்லை. குச்சியைப் போட்டுவிட்டு ஐயா பின்னாலேயே ஓடினார்.

செயலாளர் அசடு வழிந்தார். "எப்படிம்மா இத்தனை பேரை ஏமாத்தினான்?"

மழைநீர்க் குழியில் ஒரு வருடச் சருகு அடைந்து கிடந்தது. அக்கா மண்வெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"காலுக்கடியில என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரியல சார். நம்ம தலைக்குள்ள என்ன இல்லைன்னு மட்டும் கரெக்டா தெரிஞ்சுதான் வந்திருக்கான்."