உலகநாதன் மணையேறிய படலம்

வாழ்க உலகநாதன்! மதுராந்தகம் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே, கணினி ஒன்றும் ஜெராக்ஸ் இயந்திரம் இரண்டும் கொண்டு இ-சேவைக் கொற்றம் நடத்துவோன்; வருமானச் சான்று வேண்டி வருவோர்க்கும் பட்டா நகல் கேட்டுத் தவிப்போர்க்கும் "சர்வர் இல்லை" என்று இன்முகத்தோடு இயம்புவோன்; சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை ஒன்பது முதல் மாலை ஏழு வரை பதினோர் ஆண்டுகள் மலையென வீற்றிருந்தும், எழுந்து போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்தறியாதவன்; பரோட்டாவுக்குத் தோழன், கீரைக்குப் பகைவன். அவன் புகழ் ஓங்குக!

இத்தகைய வீரனை நேர்நின்று வெல்ல எந்த மாற்றானால் ஆகும்? ஆகவே பகை பின்புறமாக வந்தது.

புதன்கிழமை காலை, கைப்பேசியும் கையுமாகக் கழிப்பறை புகுந்து, முந்தைய நாள் கிரிக்கெட் ஆட்டத்தின் ஆறு சிக்சர்களையும் திரும்பத் திரும்பக் கண்டு, நான்கு நாள் மலச்சிக்கலோடு மூச்சடக்கி மல்லுக்கட்டி அவன் எழுந்தபோது, ஆசனவாயின் ஓரத்தில் திராட்சைப்பழம் போன்றதொரு கருநீலக் கட்டி கோட்டை கட்டிக் கொடியேற்றியிருந்தது. தொட்டால் இடி, இருமினால் மின்னல், உட்கார்ந்தாலோ ஊழிப் பெருந்தீ.

பகைவன் நாள் பார்த்து வந்திருந்தான். வரும் ஞாயிறு கருங்குழியில் தங்கை சுஜாதாவின் மகள் சஹானாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மணையில் சம்மணமிட்டு அமர வேண்டும். அவன் மடியில்தான் குழந்தை இருக்க வேண்டும். ஒன்பது ஆண்டுகள் காத்திருந்து தங்கை பெற்ற ஒரே பிள்ளை. அந்த மடியுரிமை கைநழுவினால் அள்ளிக்கொள்ளக் காத்திருந்தான் பெரியப்பா மகன் பாலா. காதுகுத்துக்கென்றே பட்டு வேட்டி எடுத்து வைத்திருந்தவன் அவன்.

வியாழன் அதிகாலை நம் வீரன் முதல் அஸ்திரத்தை ஏவினான். அது அலமாரியில் கிடந்த தலைவலித் தைலம். நெற்றியின் வலியைத் தீர்ப்பது வேறெந்த வலியைத்தான் தீர்க்காது என்று எண்ணி, தாராளமாகப் பூசினான். அப்போது அவன் எழுப்பிய முழக்கத்துக்குத் தெருநாய்கள் மூன்று எதிர்முழக்கம் செய்தன.

அன்று கடையில் அவன் நின்றபடியே அரசாண்டான். முதியோர் உதவித்தொகை மனுவோடு கருங்குழியிலிருந்து வந்த முனியம்மா உற்றுப் பார்த்தாள்.

"இன்னா நைனா, காலைலேர்ந்து நின்னுகினே கீற? சேர் சும்மாத்தான கீது?"

மூலம் என்ற மூன்றெழுத்தைச் சொல்ல நாக்கு கூசியது. நாக்கு கூசும் இடத்தில் பொய் முந்திக்கொள்ளும்.

"வேண்டுதல்மா. நாப்பத்தெட்டு நாளு ஒக்கார மாட்டேன்னு அம்மனுக்கு நேந்துகினு கீறேன்."

முனியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டு நின்றார்கள். ஒருவர் அவன் காலைத் தொட்டே கும்பிட்டார். அந்தப் பொய்க்குத் தேரும் வேண்டியிருக்கவில்லை, புரவியும் வேண்டியிருக்கவில்லை. முனியம்மாவோடு பேருந்தேறி மாலைக்குள் கருங்குழி சேர்ந்தது. சுஜாதா அழுதபடி அழைத்தாள்.

"அண்ணா, எம் புள்ளைக்காவத்தான வேண்டிகின? நீ சாமிண்ணா! ஆனா வேண்டுதல்ல கீறவர மணைல ஒக்கார வெச்சா சாமி குத்தம்னு மாமியாரு சொல்றாங்க. பரவால்ல, பாலாண்ணன் மடில வெச்சுக்கட்டும்."

அந்தோ! ஒரு கட்டியை மறைக்கக் கட்டிய பொய்ம்மதில், காவலனையே கோட்டைக்கு வெளியே தள்ளித் தாழிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ரத்தமும் கண்டான். அதுவரை பொறுத்திருந்த மனைவி துர்காதேவி தைல டப்பாவை அவன் கண்முன் ஆட்டினாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கெளம்புய்யா. இன்னாத்துக்கு வெக்கம்? அந்த டாக்டரு பாக்காத எடமா உங்கிட்ட புதுசா கீது?"

மருத்துவர் பிரிசில்லா என்ற பெயர்ப் பலகையைக் கண்டதும், பெண் மருத்துவர் என்றறிந்த வீரன் புறமுதுகிட முயன்றான். ஆனால் வாசலை அடைத்து நின்றாள் துர்காதேவி. ஆகவே போர்க்களம் புகுந்து, ஒருக்களித்துப் படுத்து, பகைவனுக்குக் காட்டாத புறத்தை மருத்துவருக்குக் காட்டினான்.

"இது வெளி மூலம். உள்ளே ரத்தம் உறைஞ்சிருக்கு" என்றார் அவர். "தைலம் போட்டீங்களா?"

வீரன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"பரவாயில்லை. போன வாரம் ஒருத்தர் பல்பொடி போட்டுட்டு வந்தார். மூணு நாளுக்குள்ள வந்துட்டீங்க. மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துடலாம். பத்து நாள் கழிச்சு வந்திருந்தா தானா அடங்கட்டும்னு விட்டிருப்பேன். ஆனா ரத்தம் வந்தா மூலம்தான்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க, வேற காரணமும் இருக்கலாம். காய்ச்சல், நிக்காத ரத்தம், மயக்கம், வலி கூடுறது, இதுல எது வந்தாலும் உடனே ஓடி வரணும்."

"மேடம், ஞாயித்துக்கிழமை சம்மணம் போடலாமா?"

"அஞ்சு நிமிஷம். அதுக்கு மேல வேண்டாம்."

கத்தி மின்னியது, கருநீலக் கோட்டை வீழ்ந்தது. சனிக்கிழமை முழுதும் நம் கொற்றவன் தவமிருந்தான். நீலப் பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான நீர். அதில் மும்முறை, முறைக்குக் கால் மணி நேரம், இடுப்பளவு அமர்ந்திருந்தான். கைப்பேசியைத் துர்காதேவி பறிமுதல் செய்திருந்தாள். கீரை வந்தது, உண்டான். வாழைப்பழம் வந்தது; உண்டான். சொம்பு சொம்பாக நீர் வந்தது. பகைவன் தந்த நஞ்சை வாங்குவான் போல் வாங்கிப் பருகினான்.

ஞாயிறு புலர்ந்தது. கருங்குழி வீட்டுக் கூடத்தில் மணை காத்திருந்தது. பொற்கம்பியோடு ஆசாரி காத்திருந்தார். பட்டு வேட்டி சரசரக்க, பட்டத்து யானையென மணையை நோக்கிப் பாலா நடந்தான். நான்காம் அடி வைக்கையில், காலை அகட்டி நடந்து வந்து கூடத்தின் நடுவே நின்றான் உலகநாதன். எழுந்தது அவன் பிரகடனம்.

"வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு மூலம். வெள்ளிக்கெழமதான் அறுத்துகினு வந்தேன். சொல்ல வெக்கப்பட்டு பொய் சொல்லிட்டேன். சாமி குத்தம்னா அது எனக்கு. புள்ளைய எங்கிட்ட குடு, சுஜாதா."

சமையற்கட்டில் கரண்டி விழுந்தது. சுஜாதா வாய்பொத்தி நின்றாள். சிரிப்பா அழுகையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அப்போது அவள் மாமனார், மீசை முறுக்கிய லட்சுமணன், மெல்ல நெருங்கி, உலகநாதன் காதருகே குனிந்தார்.

"எந்த டாக்டரு, தம்பி?"

அவர் பின்னே இருவர் காதைத் தீட்டிக்கொண்டு நகர்ந்து வந்தார்கள். பாலா தன் பட்டுத் துண்டை நான்காக மடித்து மணைமேல் போட்டான்.

"இந்தா அண்ணாத்த, இதும்மேல ஒக்காரு. எனக்கும் போன வருசம் வந்துச்சு. அந்தப் பேஜாரு எனக்குத் தெரியும்."

அமர்ந்தான் உலகநாதன்! விழி பிதுங்க, பல் நறநறக்க, நெற்றியில் வியர்வை முத்துமாலை கோக்க, மருத்துவர் அருளிய ஐந்து நிமிடங்களைக் கோட்டை காப்பவன் போல் நொடி நொடியாகக் காத்தபடி, மருமகளை மார்போடு அணைத்து மாமன் மடியை மலையென நிறுத்தினான். ஆசாரியின் கம்பி இடச்செவி துளைத்தது, வலச்செவி துளைத்தது, குழந்தை வீறிட்டாள், மாமனும் வீறிட்டான், அது பாசத்தின் குரல் என்று சொல்லிச் சொல்லி மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பந்தியில் அந்த மாமியாரும் நின்றுகொண்டேதான் சாப்பிட்டார்.