இடாப்பில் வெட்ட வேண்டிய பெயர்

கற்பிட்டி,
வியாழக்கிழமை காலை.

மதிப்புக்குரிய றிஸ்னா ரீச்சர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் நேசரியில் சின்ன வகுப்பில் இருக்கிற நிஃப்லாவின் வாப்பா, கருவாட்டு வாடி வைத்து வியாபாரம் செய்கிற றஸீன் எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் வீட்டில் பூனையைத் தவிர ஒருவருக்கும் சுகமில்லை.

லீவுக் கடிதம் மூன்று வரிக்கு மேல் போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறீர்கள். இந்த ஏழு கிழமைக்குள், இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அப்படி ஐந்து எழுதிவிட்டேன், ஆறாவது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். சேர்த்த முதல் கிழமை மூக்குச் சளி. சளிதானே என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம். இரண்டாம் கிழமை இருமல். மூன்றாம் கிழமை உள்ளங்கையில், பாதத்தில், நாக்கில் எல்லாம் பொக்குளம். பக்கத்து வீட்டார் கண்ணூறு என்றார்கள், லெப்பை தண்ணீர் ஓதித் தந்தார், டொக்டரம்மா அதற்குக் 'கை, கால், வாய் வருத்தம்' என்று பெயர் சொன்னார். நான் ஆடிப்போனேன் ரீச்சர். ஒரு வருத்தத்துக்கு ஓர் உறுப்புப் போதாதா? நான்காம் கிழமை வாந்தி. அதுவும் என் மச்சானின் கலியாணத்தில், மாப்பிள்ளையின் மடியில். ஐந்தாம் கிழமை கண்நோய். டொக்டரம்மா இப்போது பிள்ளையின் முகத்தையே பார்ப்பதில்லை, சட்டையில் குத்தியிருக்கிற உங்கள் நேசரி பட்ஜைப் பார்த்தவுடன் மருந்தை எழுதத் தொடங்கிவிடுகிறார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு வருஷத்தில் பத்துத் தடவையும் வரலாம், சாதாரணம் என்றார். பத்து! நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

பிள்ளைக்கு வந்தது பிள்ளையோடு நின்றாலும் பரவாயில்லை. அந்தச் சளி எனக்கும் வந்தது. நான் மூக்கால் பிழைக்கிற மனுஷன். மூட்டையைத் திறக்காமலே எந்தக் கருவாடு எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லுவேன். போன கிழமை கட்டாக் கருவாடு ஒரு லொறி வந்தது. குனிந்து மோந்தேன், ஒரு வாடையும் இல்லை. மாஷா அல்லாஹ், முதல்தரச் சரக்கு, இறக்குங்கடா என்றேன். வேலையாட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இறக்கினார்கள், முதலாளி சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒருவனும் வாய் திறக்கவில்லை. பின்னேரம் ஊரில் ஜன்னல்கள் எல்லாம் பூட்டியிருந்தன. வெயிலுக்காக்கும் என்று நான் நினைத்தேன். மறுநாள் எல்லாவற்றையும் குழி வெட்டிப் புதைத்தோம்.

கருவாடு போனால் போகட்டும். என் மனைவி சுல்பா மூன்று தரம் சோதனை எழுதி, இப்போதுதான் புத்தளத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராகச் சேர்ந்திருக்கிறா. முதல் ஆறு மாதத்தில் லீவு கூடினால் வேலை நிலைக்காது. நீங்கள் ஒட்டியிருக்கிற நோட்டீசில், பதினைந்து நாளுக்கு மேல் வராத பிள்ளையின் இடம் வேறு பிள்ளைக்குப் போகும் என்று இருக்கிறது. நிஃப்லாவுக்கு இன்றும் காய்ச்சல், இன்றோடு லீவு சரியாகப் பதினைந்து. இடம் போனால் சுல்பாதான் வேலையை விட்டுவிட்டு வீட்டில் நிற்க வேண்டும். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் திங்களும் செவ்வாயும் பிள்ளைக்கு உடம்பு லேசாகச் சுட்டபோது, சுல்பா பஸ் ஏறும்வரை பார்த்திருந்து, ஒரு கரண்டி காய்ச்சல் பாணி பருக்கி அனுப்பிவிட்டேன். பத்து மணி வரைக்கும் குளிர்ந்துதான் இருந்திருப்பா. அது வேறு கதை.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருத்தங்களையெல்லாம் ஒரு பிள்ளைதான் கொண்டுவருகிறது. இரண்டு நாள் வேலிக்கு வெளியே நின்று கண்ணால் பார்த்தேன். ஹுனைஸ் என்கிற பிள்ளை நிஃப்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறான், மூக்கு வாய் வரை ஒழுகுகிறது, இரண்டு பேரும் ஒரே போத்தலில் தண்ணீர் குடிக்கிறார்கள். காய்ச்சலோடு பிள்ளையை அனுப்புகிற பெற்றோருக்கு வெட்கம் என்று ஒன்று இல்லையா? ஆகவே நோயைக் கொண்டுவருகிற பிள்ளை எதுவென்று தயவுதாட்சண்யம் பார்க்காமல் விசாரித்து, அந்தப் பெயரை வரவு இடாப்பிலிருந்து வெட்டிவிடும்படி மிகவும் தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களுக்கு நீண்ட ஆயுளையும், எங்களுக்கு ஒரு கிழமையாவது சுகத்தையும் றப்புல் ஆலமீன் தருவானாக. வீட்டில் எல்லாருக்கும் என் சலாம்.

இப்படிக்கு,
றஸீன்

பிற்குறிப்பு: இதை உங்கள் நேசரிக் கேற்றடியில் நின்று தனித்தாளில் எழுதுகிறேன். வீட்டில் பார்க்க ஆளில்லாமல் தூக்கிக்கொண்டு வந்த நிஃப்லா தோளில் தூங்குகிறா, எழுத்துக் கோணினால் மன்னியுங்கள். நீங்களும் காய்ச்சலில் படுத்திருப்பதாகவும், நேசரி இந்தக் கிழமை முடியும்வரை பூட்டு என்றும் உதவி ரீச்சர் றுஷ்னா சொன்னா. பிள்ளையைக் கண்டதும் அவ ஏன் மூன்றடி பின்னால் போனா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. என் கடிதத்தை வாங்கி ஒரு கட்டுக் கடிதங்களுக்கு மேல் வைத்தா. எல்லாம் லீவுக் கடிதமா என்று கேட்டேன். பெற்றோரின் முறைப்பாடு, ஒரே பிள்ளையைப் பற்றித்தான் என்றா. ஹுனைஸ்தானே, எனக்குத் தெரியும் என்று சந்தோஷப்பட்டேன். அவ நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னா:

"இல்ல றஸீன் நானா. ஒங்கட நிஃப்லா. ஹுனைஸ்ட வாப்பாவும் எழுதி இரிக்காரு."

என் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். தரமாட்டாவாம், வந்த கடிதமெல்லாம் உங்களிடம் வர வேண்டுமாம். கெஞ்சிக்கொண்டு நிற்கும்போது அந்தக் கடிதக் கட்டுக்குள் பிரித்திருந்த ஓர் உறையின் கையெழுத்து கண்ணில் பட்டது. கந்தோர் எழுத்து, ஒரு கோணல் இல்லை. அது சுல்பாவுடையது. அதில் என்ன இருக்கிறது என்று றுஷ்னா தயங்கித் தயங்கித்தான் சொன்னா:

"பாணி போத்தல் கொறயிறத அவ கண்டிரிக்கா நானா. புள்ள சுட்டா உள்ளுக்கு எடுக்க வாணாம், எனக்கு ஃபோன் பண்ணுங்க, வேலய உட்டுட்டு வாறன் எண்டு எழுதி இரிக்கா."

ஆகவே நான் கேட்ட பெயரை வெட்ட வேண்டாம். காய்ச்சலோடு பிள்ளையை அனுப்பின வெட்கம் கெட்ட ஆள் நான்தான். ஹுனைஸின் வாப்பாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்பேன். வாடியைப் பூட்டும்படி ஃபோனில் சொல்லிவிட்டேன், பிள்ளைக்கு நல்லாகச் சுகம் வரும்வரை நான்தான் வீட்டில் நிற்பேன், சுல்பா வேலைக்குப் போகட்டும். இடத்தை மட்டும் வைத்திருங்கள். சுல்பாவின் கடிதத்தை முடிந்தால் என்னிடம் தாருங்கள். அவவுக்குப் பதில் எழுத வேண்டும்.