ஒரே தடவை கேட்கிற ஊர்

மால்மோ, சுவீடன்

என் மதிப்பிற்குரிய மஹீன் அக்காவுக்குத் தம்பி பஹ்ராம் எழுதுவது. உன் நிழல் எங்கள் தலைமேல் ஒருநாளும் குறையாதிருக்கட்டும். ஷிராஸில் எல்லோரும் சுகம்தானே? நான் பரம சுகம். கணுக்கால் மட்டும்தான் முறிந்திருக்கிறது.

கிளம்பி வந்து பனிக்காலம் முடியும்வரை கூடவே இருக்கட்டுமா என்று போனில் கேட்டாய். அதெல்லாம் வேண்டாம். இந்த நாட்டில் அரசாங்கமே பிள்ளைபோல் பார்த்துக்கொள்கிறது. எப்படி என்று கேள். கால் முறிந்தவனுக்கு மதியச் சாப்பாடு அனுப்பலாமா என்று பார்த்துவர, நகராட்சியிலிருந்து எல்லின் என்ற பெண் வருவதாகச் சொன்னார்கள். வீட்டுக்கு விருந்தாளி! ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, காலையிலிருந்து கீரை நறுக்கி, ஆட்டுக்கறியோடு குழம்பு வைத்து, குங்குமப்பூ போட்டு, சோற்றின் அடியில் பொன்னிறக் காந்தல் உடையாமல் தட்டில் கவிழ்த்து, பிஸ்தாவும் பழமும் மலைபோல் குவித்து வைத்தேன். அந்தப் பெண் வந்து, செருப்பைக் கழற்றி, மேசையைப் பார்த்துத் திகைத்து, ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டாள்.

"சாப்பிடும்மா, ஒரு வாய்!"

"வேண்டாங்க. வேலையா வந்த இடத்துல சாப்பிடக்கூடாது."

முறைப்படி நான்கு தடவை வற்புறுத்தினேன். நான்காவது தடவை அவள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள். அப்புறம் அவள் முறை.

"சமைக்கச் சிரமமா இருக்கா?"

"இதெல்லாம் ஒரு சிரமமா!"

"மதியத்துக்கு நாங்க சாப்பாடு அனுப்பட்டுமா?"

"உங்களுக்கு எதுக்கும்மா வீண் தொந்தரவு? வேண்டாம், வேண்டாம்."

சொல்லிவிட்டு அடுத்த தடவை கேட்பாள் என்று காத்திருந்தேன். நம் ஊரில் டாக்சிக்காரன்கூட "உங்களுக்குப் போய்க் காசா?" என்று இரண்டு தடவை மறுத்துவிட்டுத்தானே கை நீட்டுவான்! முதல் தடவையே "சரி" என்று சொல்ல நான் என்ன வளர்ப்பு சரியில்லாதவனா? அவளோ, "நல்லா சமாளிக்கிறீங்க, ரொம்ப சந்தோஷம்" என்று பையை மூடிவிட்டாள். இன்னொரு தடவை கேட்டுவிடுவாள் என்று நொண்டிக்கொண்டே வாசல்வரை ஓடினேன். லிஃப்ட் இறங்கிவிட்டது.

குழம்பு தீர்ந்தபிறகு அடுப்படியில் நிற்க முடியவில்லை. பற்பசைபோல் ட்யூபிலிருந்து பிதுக்குகிற மீன்முட்டையும் காய்ந்த ரொட்டியும்தான் ஆகாரம். விஷயம் தெரிந்ததும் உன் மருமகள், என் மகள் நிலூஃபர், ஸ்டாக்ஹோமிலிருந்து போனில் என்னைக் காய்ச்சி எடுத்தாள்.

"அப்பா, இருபது வருஷமா இங்க இருக்கீங்க! இவங்க ஒரே தடவைதான் கேப்பாங்க. 'வேண்டாம்'னா நம்பிடுவாங்க. எங்க, சொல்லுங்க பாப்போம். சாப்பாடு வேணுமா?"

"உன் கை வலிக்காம இருக்கணும் கண்ணு, எதுக்குச் சிரமம்..."

"அப்பா!"

ஒரு வாரம் பயிற்சி நடந்தது. நிலூஃபர் நகராட்சிக்குப் போன் போட்டுச் சொல்ல, எல்லின் திரும்ப வந்தாள். மகள் உத்தரவுப்படி மேசையில் வெறும் தண்ணீர்தான். சட்டை போடாமல் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. அவள் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு "அனுப்புங்க" என்றேன். காது மடல் எரிந்தது. அவள் ஆச்சரியப்படக்கூட இல்லை.

இப்போது தினமும் சரியாக வந்துவிடுகிறது. முதல் நாள் வெந்த மீன், வெந்த உருளைக்கிழங்கு, மேலே வெள்ளையாக ஒரு சாறு. எப்படி இருந்தது என்று கொண்டுவந்த அம்மாள் விசாரித்தார். "அமிர்தம்! இப்படி ஒரு மீனை நான் ஆயுசில் தின்றதில்லை" என்றேன். அதையும் நம்பிவிட்டார்கள். அன்றிலிருந்து தினமும் மீன்தான்.

அந்த அம்மாள் தங்கமானவர். ஆனால் இன்னும் பல வீட்டுக்குப் போகவேண்டும், வைத்துவிட்டு ஓடிவிடுவார். எதிரே உட்கார்ந்து, போதும் போதும் என்று நான் தட்டை மறைக்க மறைக்க இன்னொரு கரண்டி சோறு போடுவதற்கு அரசாங்கத்தில் ஆள் இல்லை. அது மட்டும் ஒரு மாதிரி இருக்கிறது, அக்கா. மற்றபடி ஒரு குறையும் இல்லை. ஆகவே இந்தக் குளிரில் நீ சிரமப்பட்டு வரவே வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம். குழந்தைகளின் கண்களில் என் முத்தம்.

உன் காலடி மண்ணுக்கும் சமமாகாத தம்பி,
பஹ்ராம்

பி.கு.: அக்கா, நீ வர வேண்டாம் என்று மேலே இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். நான் இங்கே ரொம்ப நாள் இருந்துவிட்டதால் அதைச் சுவீடன்காரன் சொல்கிற 'வேண்டாம்' என்று எடுத்துக்கொள்ளப்போகிறாய். அது நம் ஊர் 'வேண்டாம்'. இன்னொரு தடவை கேளேன்.