நாலு டிகிரியில் பற்றிய பீடி

நான் ஓர் அரசு ஊழியன். பயிர்ச் சேத மனுக்களைப் பரிசீலிக்கும் பிரிவில் இருபத்திரண்டு வருடமாகக் கண்காணிப்பாளர். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு சால்டரிங் ஸ்டேஷன் எப்படியெல்லாம் பழுதாகும் என்பது உங்களுக்கு விளங்க வேண்டுமே, அதற்காகச் சொன்னேன்.

இப்போதெல்லாம் எதையும் கடையில் வாங்குகிறவன் மடையன் என்று ஆகிவிட்டது. எல்லாரும் வீடியோ பார்த்து வீட்டிலேயே செய்கிறார்கள். நானும் பதினான்கு வீடியோ பார்த்தேன். பழைய கம்ப்யூட்டர் டப்பாவைக் குடைந்து, ஈயம் வைத்துப் பற்றவைக்கிற ஸ்டேஷன் ஒன்றைச் சொந்தமாகச் செய்தேன். ஈயத்தை உருக்கும் அயர்ன் கம்பியின் நுனியில் சூட்டை அளந்து சொல்ல ஒரு சென்சார். அது சொல்வதை எண்ணாகக் காட்ட ஒரு டிஸ்ப்ளே. முன்னூற்றைம்பது டிகிரி வந்ததும் மின்சாரம் தானாக நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

செய்தி எங்கள் ஊர் சோரியாங்குப்பம் முழுக்கப் பரவியது. பரப்பியவன் நான்தான். ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டு சுப்பராயலு தன் போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டர் போர்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஒரே ஒரு ஒயரு வுட்டுப் போச்சு சார். பாகூர் கடைக்குத்தான் கெளம்பினேன்..."

"கடையா? அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்? உக்காருங்க."

"நாத்தங்கால் தண்ணியில்லாம வெடிச்சுக் கெடக்குது சார். சாயங்காலத்துக்குள்ள மோட்டார் ஓடியாவணும்."

"பத்து நிமிஷம்."

சுவிட்சைப் போட்டேன். டிஸ்ப்ளே முப்பத்துமூன்று என்றது. அப்புறம் இருபது, பதினொன்று, நாலு. நேரம் ஆக ஆக எண் இறங்கிக்கொண்டே போனது.

"இன்னாங்க, நுனி செவந்து போச்சே!" என்றாள் என் மனைவி கஸ்தூரி.

"செவக்கல. நாலு டிகிரின்னு பதிவாகியிருக்கு."

சுப்பராயலு ஒரு பீடியை எடுத்து நுனியில் வைத்தார். பற்றிக்கொண்டது. ஒரு இழுப்பு இழுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நாலு டிகிரியில் பீடி பற்றுவதற்கு எந்த விதியிலும் இடமில்லை. ஆகவே மேற்படி பீடியை நான் பொருட்படுத்தவில்லை.

முறைப்படி விசாரணையைத் தொடங்கினேன். முதல் சந்தேகம் சூடாக்கும் கம்பிமேல். யார் வேலை செய்கிறாரோ அவர்மேல் முதலில் சந்தேகப்படுவது அலுவலக மரபு. அதைக் கழற்றி வேறு போட்டேன். பிறகு டிரான்சிஸ்டர் விடுவிக்கப்பட்டு, இன்னொன்று பொறுப்பேற்றது. டிரான்ஸ்ஃபார்மருக்கு மேசையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இடமாறுதல் வழங்கப்பட்டது. ஒவ்வொரு தடவையும் எண் இறங்கத்தான் செய்தது. சென்சாரை மட்டும் நான் தொடவில்லை. அறிக்கை கொடுக்கிறவரையே சந்தேகப்பட்டால் நிர்வாகம் எப்படி நடக்கும்? மணி மூன்றாகிவிட்டது.

"சார், அந்த சென்சார் ஒயரு ரெண்டையும் மாத்திக் குடுத்திருப்பீங்களோ?" என்றார் சுப்பராயலு. "சூடு ஏற ஏற இது எறங்குது பாருங்க."

"நீங்க எலக்ட்ரானிக்ஸ் படிச்சிருக்கீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப?"

"சும்மாதான் சொன்னேன் சார்."

கஸ்தூரிக்குப் பொறுக்கவில்லை. "மாத்திப் பாத்தா இன்னா கொறைஞ்சா பூடும்?"

"எழுத்துமூலமா குடுக்கச் சொல்லு, பரிசீலிக்கிறேன்" என்றேன். வேடிக்கையாகச் சொன்னேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

நாலு டிகிரி என்ன செய்துவிடும் என்ற துணிச்சலில் போர்டின்மேல் நுனியை வைத்தேன். குப்பென்று புகை வந்தது. செம்புக் கோடு உரிந்து சுருண்டது. பக்கத்தில் ஒரு சிப் படாரென்று வெடித்தது. போர்டின் நடுவில் விழுந்த ஓட்டை வழியாக சுப்பராயலுவின் வேட்டி தெரிந்தது. டிஸ்ப்ளே பூஜ்ஜியத்துக்கு வந்திருந்தது.

"பரவால்ல சார்" என்றார் அவர். பாகூர் கடை ஞாயிறு மதியத்தோடு மூடிவிடும். புதுப் போர்டு வர எப்படியும் மூன்று நாளாகும். கரிந்த போர்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார்.

அவர் தெருமுனை தாண்டியதும், கஸ்தூரி அடுப்படிக்குப் போன சமயம் பார்த்து, ஒயரை மாற்றிக் கொடுத்தேன். எண் மளமளவென்று ஏறி முன்னூற்றைம்பதில் கச்சிதமாக நின்றது. படமெடுத்து, 'எமது சொந்தத் தயாரிப்பு' என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நாற்பத்தோரு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அதில் ஒன்று சுப்பராயலுவுடையது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, வெட்கங்கெட்டவனுக்கு.

வியாழக்கிழமை அலுவலகத்தில் என் மேசைக்கு முன்னால் சுப்பராயலு பயிர்ச் சேத மனுவோடு வந்து நின்றார்.

"நாத்து எப்படி இருக்கு?"

"மொத்தமும் கருகிப் போச்சு சார்."

"அப்புறம் எதுக்கய்யா கட்டைவிரல் போட்டீங்க?"

"இதுல கையெழுத்து நீங்கதானே சார் போடணும்."

காதோரம் எனக்கு ஜிவ்வென்று சுட்டது. தலையை நிமிர்த்தாமல் மனுவைப் புரட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. 'சேதத்துக்கான காரணம்' என்ற கட்டம் மட்டும் காலி.

"அதுல இன்னா சார் எழுதட்டும்?" என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கடும் வெயில்னு எழுதுங்க" என்றேன்.

எழுதினார்.