முயலுக்குக் கை கொடுத்த ஞாயிறு

செல்போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டுக் குழந்தை வளர்ப்பு நிபுணராகிவிடும் அப்பாக்களை எனக்குப் பிடிக்காது. நானும் அப்படி ஒருவனாக இருந்தவன் என்பதுதான் காரணம். (என் மனைவி ஸ்டெல்லா 'இருந்தவன்' என்பதை ஒப்புக்கொள்ள மாட்டாள்.)

அப்போது என் மகள் ஜெசிக்கு நாலு வயது. எங்கள் வீடு ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்கு நடக்கும் தூரத்தில். ஞாயிறு காலையில் ஒயர் கூடையில் உயிர் நண்டு வாங்கி வருவேன். அது சமையலறைக்குப் போகுமுன் ஒரு சடங்கு உண்டு. கொடுக்கு கட்டிய பெரிய நண்டு ஒன்றைத் தூக்கி, "பாப்பா, இவரும் உன்ன மாரி நம்ம தோஸ்து. கை குடு" என்பேன். அவள் அதன் காலைப் பிடித்துக் குலுக்குவாள். மத்தியானம் தோஸ்து குழம்பில் மிதப்பார். இதில் ஏதோ இடிக்கிறது என்று, திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் நாள் முழுக்க மற்றவர்கள் தாள்களில் தப்புக் கண்டுபிடிக்கும் இந்த மண்டைக்கு உறைக்கவே இல்லை.

செல்லப் பிராணி வளர்த்தால் பிள்ளைக்குக் கருணை வளரும் என்றது ஒரு வீடியோ. முயல் வாங்குவது என்று அப்போதே முடிவெடுத்தேன். ஸ்டெல்லாவின் தம்பி டேவிட்டுக்குப் போன் போட்டேன். "ஞாயித்துக்கெயம வூட்டாண்ட வா மச்சான். உன் பசங்க எந்நேரமும் போன நோண்டிகினு கீதுங்க. எம்பொண்ணு எப்டி கருணயா வளர்றான்னு வந்து பாரு."

அந்த ஞாயிறும் வழக்கம்போல நண்டு வந்தது, கை குலுக்கியது, அடுப்புக்குப் போனது. அதே கூடையை எடுத்துக்கொண்டு முயல் வாங்கக் கிளம்பினேன்.

"யோவ், அட்டப்பொட்டி எட்த்துகினு போ. அதுல நண்டு நாத்தம் அடிக்குது" என்றாள் ஸ்டெல்லா.

"மொயலுக்கு இன்னா தெரியும்?" என்றேன். (முயலுக்குத் தெரியவில்லை. ஜெசிக்குத் தெரிந்துவிட்டது.)

திரும்பி வந்தபோது டேவிட் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தான், கையில் போன் கேமராவோடு. குழந்தையைத் தரையில் உட்கார வை, முயல் தானாக வரட்டும், அவசரப்படாதே என்று வீடியோ சொன்ன எல்லாமே கேமராவைப் பார்த்ததும் மறந்துபோயின. கூடையிலிருந்து வெள்ளை முயலைத் தூக்கினேன். வாய் பழக்கத்தில் தானாக வந்தது. "பாப்பா, இவரு நம்ம புது தோஸ்து. கை குடு."

ஜெசி மரியாதையாகக் கை குலுக்கினாள். பிறகு சமையலறைக்கு ஓடி, நண்டு கழுவும் சட்டியோடும் மஞ்சள்தூள் டப்பாவோடும் வந்தாள்.

"ப்பா, இத்த வறுக்கலாம்ப்பா. கொயம்புதான் அங்க கொதிக்குதே."

டேவிட் சிரித்த சிரிப்பில் போன் ஆடியது. நான் பதறிப்போய், "சீ, தோஸ்த யாராவது துன்னுவாங்களாம்மா?" என்றேன்.

ஜெசி அடுப்பைப் பார்த்தாள். "நண்டும் தோஸ்துன்னுதானே சொன்ன?"

நான் முயலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவள் டப்பாவைக் கீழே வைத்தாள். "என்னியும்தான் தோஸ்து தோஸ்துன்னு கூப்புடற..."

அப்படியே பின்பக்கமாகவே நடந்துபோய் டேவிட்டின் முதுகுக்குப் பின் ஒளிந்துகொண்டாள். "மாமா, நான் உங்க வூட்டுக்கு வந்துட்றேன்" என்று அழ ஆரம்பித்தாள். முயல் தன் பங்குக்கு என் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை நனைத்தது.

மற்றவர்களுக்கு அது சிரிப்பு. எனக்கு இல்லை. நண்டு என்னை எப்படிப் பார்த்திருக்க வேண்டுமோ, அப்படிப் பார்த்தாள் என் மகள்.

குழம்பு முழுவதையும் டேவிட் குடும்பம் காலி செய்தது. டேவிட் ஓட்டைக் கடித்து உறிஞ்சிக்கொண்டே, "கருண நல்லா கீது மாமா. உப்புதான் கொஞ்சம் கம்மி" என்றான். நான் தயிர் சாதம் சாப்பிட்டேன்.

மூன்று நாள் ஜெசி என் பக்கத்தில் வரவில்லை. படுக்கும்போது ஸ்டெல்லாவை நடுவில் போட்டுக்கொண்டாள். நாலாம் நாள் அவள் முன்னால் மண்டியிட்டேன்.

"அப்பா இனிமே நண்டு துன்னவே மாட்டேன்."

"மொயலு?"

"அதுவும்தான்."

"நானு?"

"அய்யோ, உன்னப் போயி..."

அவள் கட்டிக்கொள்ளவில்லை. கையை மட்டும் நீட்டினாள். குலுக்கினேன். அந்தச் சத்தியத்தை இன்றுவரை காப்பாற்றுகிறேன். ஞாயிறுதோறும் தெருவே நண்டு மணக்கும்போது என் தட்டில் தயிர் சாதம்தான். முயல் ஜெசியின் மடியில் தின்று கொழுத்துக் கிடக்கிறது.

போன வருஷம் எங்களுக்குப் பையன் பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து துண்டில் சுற்றித் தூக்கி வந்தேன். வாசலில் ஜெசி நின்றாள், அப்போது ஏழு வயது. பக்கத்தில் டேவிட், வழக்கம்போல கேமராவோடு. எனக்குப் புத்தி வருமா என்ன?

"பாப்பா, தம்பிக்குக் கை குடு" என்றேன்.

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "மொதல்ல சொல்லு. இது வளக்கறதுக்கா, கொயம்புக்கா?"

பையனுக்குக் கோயிலில் வைத்த பெயர் சேவியர். சொந்தக்காரர்கள் ஒருத்தர் விடாமல் கூப்பிடுவது 'கொயம்பு'.