நான் போகாத வகுப்பு

செத்தாலும் அந்த வகுப்புக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். அதை வீட்டில் சொல்வதில்லை என்றும் முடிவெடுத்தேன். முதல் முடிவு நான் வீரன் என்பதால். இரண்டாவது நான் கல்யாணமானவன் என்பதால்.

சரக்குக் கிடங்கில் இருபத்தாறு வருடமாகப் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறேன். எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இப்போது அதைச் சொல்ல ஒரு ஸ்கேனர் வந்திருக்கிறது. பெட்டிக்கு நேராகக் காட்டினால் 'கீ' என்று கத்தும். பக்கத்தில் இரண்டு கிடங்கை மூடிவிட்டார்கள். மூன்றாவதில் வண்டிகள் ஆளே இல்லாமல் ஓடுகின்றனவாம். எங்கள் கிடங்கில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மூன்று வாரம், ஒன்பது நாள், மாலை வகுப்பு. கடைசியில் தேர்வு. தேறாதவருக்கு அடுத்த மாதம் வண்டிச் சாவி கிடையாது. கீழே கொட்டை எழுத்தில், 'காலம் மாறுகிறது. உங்களை வளர்த்துக்கொள்ளுங்கள்.'

ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவன் நான். ஐம்பத்தேழு வயதில் இடுப்பில் மட்டும்தான் வளர்கிறேன். அதற்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை.

வகுப்பு எடுப்பவர் சூப்பர்வைசர். அதுதான் விஷயமே. பதினோரு வருடத்துக்கு முன்னால் எங்களையெல்லாம் வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தார். என்னை ஓரத்தில் நிறுத்தினார். அந்தப் படம் இன்னும் ஆபீஸ் சுவரில் தொங்குகிறது. அதில் என் இடது தோள் மட்டும் இருக்கிறது. தோளைத் தவிர மீதி என்னை மதிக்காத மனிதரிடம் நான் கைகட்டிப் பாடம் கேட்பதா?

முதல் நாள் மாலை ஆறு மணிக்கு, "வகுப்புக்குப் போறேன்" என்று கிளம்பி நேராகத் தையல்கடையில் போய் உட்கார்ந்தேன். தையல்காரர் என் சிநேகிதர். அவர் கடைச் சட்டைகளுக்கு வீட்டிலிருந்தே பொத்தான் தைத்துக் கொடுப்பவள் என் மனைவி. எட்டு மணிக்குத் திரும்பினேன்.

"என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

"உட்காரச் சொன்னாங்க."

"ரெண்டு மணி நேரமாவா?"

"நிறைய ஆளுங்க."

"நோட்டைக் காட்டுங்க."

எனக்கே தெரியாமல் என் பையில் ஒரு புது நோட்டு இருந்தது. அவள் வைத்தது. புரட்டினாள்.

"ஒரு எழுத்துகூட இல்லையே."

"எல்லாத்தையும் மண்டையில ஏத்திக்கிட்டேன்."

"அங்க ஏதுங்க இடம்? உங்க சூப்பர்வைசர் பதினோரு வருஷமா அங்கதானே குடியிருக்காரு."

நோட்டைப் பிடுங்கிப் பையில் திணித்தேன்.

"அடுத்த வகுப்புலயும் எழுதாம வந்தீங்கன்னா, நானே போய் அவருகிட்ட என்னன்னு கேட்டுட்டு வரேன்."

அடுத்த வகுப்பு நாளில் தையல்காரரிடம் புலம்பினேன். அவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்துப் போட்டார்.

"காலருக்கு அளவு வெட்டறதுக்குன்னு வந்த பழைய பேப்பர். உங்க கம்பெனி பேரு போட்டிருக்கு, பாருங்க."

பார்த்தேன். ஒன்பது நாள் பாடமும் வரிசையாக இருந்தது. ஒரு தாளிலும் கத்தரி பட்டிருக்கவில்லை. அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. கோபத்தில் இருப்பவனுக்கு யோசனை வராது. முதல் இரண்டு பாடத்தையும் விரல் வலிக்க நோட்டில் எழுதினேன். எதிரியின் கோட்டைக்குள் பின்வாசல் வழியாகப் புகுந்த சந்தோஷம்.

சந்தோஷம் எட்டு மணி வரைதான்.

"மிஷின்ல சிவப்பு விளக்கு எரிஞ்சா நிறுத்தணும்னு எழுதியிருக்கீங்களே. அது ஏன் எரியுது?"

"அதுக்கும் என்னைப் பிடிக்கலை போல."

"விளையாடாதீங்க. வாத்தியார் என்ன சொன்னாரு?"

வாத்தியார் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள மூன்றாவது நாள் தாளை எழுத்துக் கூட்டிப் படித்தேன். பெட்டி தப்பான அடுக்குக்குப் போனால் சிவப்பு எரியும். அதைச் சொன்னால் வேறு கேள்வி. அடுக்கு எண்ணை எப்படிப் படிப்பது? சமையலறை அலமாரியைக் காட்டிச் சொல்லச் சொன்னாள். சர்க்கரை டப்பா மூன்றாம் வரிசை, இரண்டாம் தட்டு, வலது ஓரம் என்றேன். உப்பு டப்பாவுக்கும் சொன்னேன். பொத்தானுக்கு ஒரு கேள்வி வீதம் தைத்துக்கொண்டே கேட்டாள். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒரு மனிதன் எவ்வளவு படிக்க வேண்டியிருக்கிறது.

ஆறாவது நாள், "அந்த மிஷினை எப்படிப் பிடிப்பீங்க?" என்று கையில் கரண்டியைக் கொடுத்தாள். பிடித்தேன்.

"தாளிக்கற மாதிரி இருக்கே."

அதற்கு அடுத்த வகுப்பு நாளில் தையல்காரர் மேசையில் ஒரு ஸ்கேனர் கிடந்தது.

"ஏது இது?"

"யாரோ ரிப்பேருக்குக் குடுத்தாங்க."

தையல்காரரிடம் ஸ்கேனரை யார் ரிப்பேருக்குக் கொடுப்பார்கள்? கேட்கவில்லை. கடையில் இருந்த துணிப் பெட்டிகளையெல்லாம் 'கீ' போட வைத்தேன். மனைவி முன்னால் கரண்டி இனி தலைநிமிர்ந்து நிற்கும்.

தேர்வு நாளும் வந்தது. என் திட்டம் தெளிவானது. எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "உங்க வகுப்புல ஒரு நிமிஷம்கூட நான் உட்காரலை" என்று சொல்லி, சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நடப்பது. வேலை போனால் போகட்டும். வீட்டுக்கு என்ன பதில் என்பதை நடக்கும்போது யோசித்துக்கொள்ளலாம்.

எழுந்திருக்கும் முன் தாளைக் கொடுத்துவிட்டார்கள். முதல் கேள்வி, சிவப்பு விளக்கு ஏன் எரிகிறது?

தெரிந்த பதிலை எழுதாமல் எழுந்து போவது, அரிக்கிற இடத்தைச் சொறியாமல் இருப்பது மாதிரி. முடியவில்லை. அந்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டுப் போகலாம் என்று ஆரம்பித்தேன். கடைசிக் கேள்வி வரை அரித்தது.

ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு. கிடங்கிலேயே முதலிடம்.

இப்போது என் பேச்சுக்கு இன்னும் பலம் கூடிவிட்டது. சூப்பர்வைசர் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

"உங்க வகுப்புல நான் ஒரு நாள்கூட உட்காரலை. தெரியுமா?"

"தெரியுமே அண்ணே. முதல் நாளே அக்கா வந்து சொல்லிட்டாங்க. 'அவரு உங்ககிட்ட படிக்க மாட்டாரு, தாளையும் மிஷினையும் எங்கிட்ட குடுங்க'ன்னாங்க."

வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். ஒன்பது நாளும் நான் ஆஜர். இடம், தையல்கடை. பயிற்சி அளித்தவர் என்ற கட்டத்தில் என் மனைவியின் கையெழுத்து. குறிப்பு என்ற கட்டத்தில் அவள் எழுதியிருந்தாள்: 'கோபக்காரர். ஆனால் பொய் சொல்வதற்காக ஒழுங்காகப் படிக்கிறார்.'

பிறகு சான்றிதழோடு என்னைப் படம் எடுத்தார். இந்தத் தடவை முழுசாகத்தான் விழுந்திருக்கிறேன். கண்தான் மூடியிருக்கிறது. அதையும் மறக்கமாட்டேன்.

வீட்டுக்கு வந்து சான்றிதழை அவள் முன்னால் வைத்தேன்.

"ஒண்ணை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. நான் அந்த வகுப்புக்குப் போகவே இல்லை."

"போனீங்கன்னு யாருங்க சொன்னா?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அடுத்த மாசம் கம்ப்யூட்டர் வகுப்பாம். அதுக்கும் போயிடாதீங்க."

"செத்தாலும் போகமாட்டேன்."

"சரிங்க" என்று ஒரு புது நோட்டை எடுத்து என் பையில் வைத்தாள்.