காய்ச்சின தண்ணி மட்டும் குடிக்கிற மேனேஜர்

அன்னைக்கு எனக்குக் குடுத்த வேலை ரொம்பச் சின்னது. ரஹீம் பாய் கிணத்துல தண்ணி எடுக்கணும், பெங்களூர் லேப்ல குடுத்துட்டுத் திரும்பி வரணும். அவ்வளவுதான்.

எண்பதுகள்ல ஓசூர் ராயக்கோட்டை ரோட்டுல ஒரு ஃபேக்டரியில நான் கெமிஸ்ட். பெருசா நினைச்சுக்காதீங்க. பாய்லர் தண்ணியை டெஸ்ட் பண்ணணும், மேனேஜர் சொல்ற ரிசல்ட்டை எழுதணும்.

கேட்டுக்கு எதிர்ல பாயோட டீக்கடை. ஷிஃப்ட் விட்டா நிக்க இடம் இருக்காது. ஆனா கொஞ்ச நாளா அவர் கிணத்துல டீசல் வாடை. எங்க ஜெனரேட்டருக்கு பூமிக்கடியில ஒரு டீசல் டேங்க் புதைச்சிருந்தாங்க. அது ஒழுகுதுன்னு வாட்ச்மேன்லேர்ந்து வாசல்ல படுத்திருக்கிற நாய் வரைக்கும் தெரியும். மேனேஜருக்கு மட்டும் தெரியாது!

பாய் மேனேஜர்கிட்ட வந்து கெஞ்சினார். "சார், டீ போட்டா மேல கலர் கலரா மிதக்குது. கடையில ஈ ஓட்டிட்டு இருக்கறேன். வீட்ல பொம்பளைங்க ரயில்வே ஸ்டேஷன் குழாயிலேர்ந்து குடம் சுமக்கிறாங்க. டேங்கைத் தோண்டிப் பாருங்க சார்."

"எங்க டேங்க் பக்காவா இருக்கு பாய். உங்க தண்ணி தங்கம்!"

"அப்ப ஒரு டம்ளர் குடிங்க சார்."

"நான் காய்ச்சின தண்ணி மட்டும்தான் குடிப்பேன்."

பாய் நகரல. கடைசியில மேனேஜர், "லேப் டெஸ்ட் பண்ணுவோம். டீசல்னு வந்தா தோண்டறேன்"னு வாக்குக் குடுத்தார்.

பாய் போனதும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "பாட்டில்ல கல்லைக் கட்டி ஆழத்துல இறக்கு. அடித்தண்ணி சுத்தமா இருக்கும். மேல மிதக்கிறதைத் தொட்டே, வேலை காலி!"

கிணத்தை எட்டிப் பார்த்தேன். தலை சுத்துச்சு. எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே கிணறுன்னா பயம். கல்லாவது கயிறாவது! பாயோட வாளியைக் கண்ணை மூடிட்டு விட்டேன். வந்ததை ரெண்டு ஜூஸ் பாட்டில்ல ரொப்பினேன். கீழ தண்ணி, மேல ரெண்டு விரக்கடை டீசல்!

'லேப்காரன் கவனிக்கவா போறான்?'னு நினைச்சேன். அப்படி ஒரு விஞ்ஞான மூளை எனக்கு. மூடி வேற இல்ல. பழைய பேப்பரைச் சுருட்டி அடைச்சேன்.

பஸ் ஏறினா பின்னாடியே பாய்!

"நீங்க எதுக்கு பாய்?"

"நீங்க நல்லவர்தான் தம்பி. ஆனா அவர்கிட்ட வேலை பாக்கறீங்களே. என் தண்ணிக்கு நானே துணை வரேன்."

பஸ் குலுங்கக் குலுங்க பேப்பர் ஊறி, பை ஊறி, என் பேன்ட்டும் ஊறிடுச்சு. கண்டக்டர் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, "ஏனப்பா இது?"ன்னு கன்னடத்துல கத்தினார்.

"நீரு... நீரு!"ன்னு எனக்குத் தெரிஞ்ச ஒரே கன்னட வார்த்தையைச் சொன்னேன்.

எல்லைச் செக்போஸ்ட்ல எங்களை இறக்கி விட்டுட்டார்.

அங்க ஒரு மீசைக்கார ஏட்டய்யா. "என்னடா பாட்டில்ல?"

"தண்ணி சார்."

மோந்து பார்த்தார். "ரேஷன் மண்ணெண்ணெய அந்தப் பக்கம் கடத்தறவன் எல்லாம் இதைத்தான் சொல்றான். தண்ணின்னா குடி!"

நான் பாயைப் பார்த்தேன். அவர் முகத்துல அப்படி ஒரு அமைதி. "குடிங்க தம்பி. உங்க மேனேஜர் தங்கம்னாரே!"

ஒரு வாய் வெச்சேன். அவ்வளவுதான், அப்படியே ஏட்டய்யா சட்டையில துப்பிட்டேன்!

அப்புறம் என்ன, பெஞ்சுல உக்கார வெச்சாங்க. ஃபேக்டரிக்குப் போன் போச்சு. மேனேஜர் கார்ல பறந்து வந்தார். எனக்காக இல்ல, பாட்டிலுக்காக.

"இவர் எங்க ஸ்டாஃப். இது வெறும் கிணத்துத் தண்ணி, சுத்தமானது. நான் கேரண்டி."

ஏட்டய்யா ரொம்ப மரியாதையா ஒரு பாட்டிலை நீட்டினார். "ஒரு வாய் குடிச்சுக் காட்டிட்டு ஆளைக் கூட்டிட்டுப் போங்க சார்."

மேனேஜர் வாயில பழக்க தோஷத்துல வந்துடுச்சு. "நான் காய்ச்சின தண்ணி மட்டும்தான் குடிப்பேன்."

"அவ்வளவுதானே? காய்ச்சிட்டாப் போச்சு!"

பக்கத்துலயே ஒரு டீக்கடை. ஸ்டவ் புஸ்ஸுன்னு எரியுது. ஏட்டய்யா பாட்டிலோட விறுவிறுன்னு போய், அடுப்புல இருந்த பாத்திரத்துக்கு மேல சாய்ச்சார்.

"யோவ்! ஊத்தாதய்யா! டீசல்யா அது! பத்திக்கும்!"

மேனேஜர் போட்ட சத்தத்துல நின்னுட்டிருந்த பஸ்காரங்க எல்லாரும் ஜன்னல்ல தலையை நீட்டினாங்க.

ஏட்டய்யா மெதுவாத் திரும்பினார். "ஓஹோ! அப்ப கடத்தல் முதலாளி நீங்கதானா?"

"ஐயோ, கடத்தல் இல்ல சார்! எங்க டேங்க் ஒழுகுது! ரொம்ப நாளா ஒழுகுது! எல்லாம் இவர் கிணத்துக்குத்தான் போகுது! நீங்களே சொல்லுங்க பாய்!"

பாய் ஏட்டய்யாவைப் பார்த்து ஆமான்னு தலையாட்டிட்டு, தொப்பியைக் கழட்டி முகத்தைத் துடைச்சுக்கிட்டார். கண்ணு கலங்கியிருந்துச்சு. எனக்கும்தான், ஆனா எனக்கு டீசல்.

"கிளம்பலாம் தம்பி. லேப் ரிப்போர்ட் இங்கயே வந்துருச்சு."

மறுநாளே தோண்டினாங்க. டேங்க்கோட அடிப்பாகம் இடியாப்ப அச்சு மாதிரி இருந்துச்சு. சுத்தி இருந்த மண்ணு கன்னங்கரேல்னு நாறுச்சு. ஃபேக்டரி போர்லேர்ந்து பாய் கடைக்குப் பைப் போட்டுக் குடுத்தாங்க. கூட்டம் திரும்ப வந்துடுச்சு. கிணறு மட்டும் தெளிய வருஷக்கணக்காச்சு. இப்ப நினைச்சாலும் வயித்தெரிச்சல்.

என்னை வேலையை விட்டுத் தூக்கல. தூக்கினா காரணம் எழுதணுமே! ஏப்பத்துல டீசல் வாடை அடங்கற வரைக்கும் என் பொண்டாட்டிதான் என்னை அடுப்பங்கரைப் பக்கம் விடல.

இப்பவும் யாராவது, 'எங்க ஏரியா தண்ணி சுத்தமா இருக்கு'ன்னு சொன்னா நான் வாதாடறதே இல்ல. ஒரு டம்ளர் ஊத்தி அவங்க கையிலயே குடுத்துடுவேன்.